எவ்வளவு கழுவினாலும் பாத்ரூம் நாற்றம் போகவில்லையா?

கேள்வி: சென்னையில் ஒரு அப்பார்ட்மெண்டில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். பெட்ரூமோடு சேர்ந்த பாத்ரூமைக் காலையில் திறந்தாலே சாக்கடை நாற்றம் குப்பென்று அடிக்கிறது. தினமும் ஃபினாயில், வாரம் ஒருமுறை ஆசிட், மூலைக்கு மூலை நாப்தலீன் உருண்டை என்று எல்லாம் செய்து பார்த்தாயிற்று. அரை மணி நேரம் தாங்குகிறது, அப்புறம் பழைய கதைதான். விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் இன்னொரு பாத்ரூமிலும் இதே தொல்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் குறையும் என்று பார்த்தால் கூடுகிற மாதிரி இருக்கிறது. டாய்லெட்டைக் கழற்றிப் புதிது போட வேண்டும் என்கிறார் பிளம்பர். போடத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம், குறைந்தபட்சம் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் நாற்றம் கூடுகிறது என்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். ஃபேன் உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளும்போது அதே அளவு காற்று எந்த வழியாகவாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவை இறுக்கிச் சாத்தியிருக்கிறது, கதவுக்கு அடியில் இடைவெளியும் இல்லை என்றால், காற்று வருவதற்கு மிச்சமிருக்கிற வழி தரையில் உள்ள ஓட்டைகள்தான். அழுக்கினால் வரும் நாற்றமாக இருந்தால் ஃபேன் ஓடும்போது குறைய வேண்டும். கூடுகிறது என்றால் சாக்கடைக் குழாய்க்கும் உங்கள் பாத்ரூமுக்கும் நடுவே இருக்க வேண்டிய தடுப்பு எங்கோ ஓரிடத்தில் இல்லை என்று அர்த்தம். தடுப்பு இல்லாத குழாய்க்கு மேலே தினமும் ஃபினாயில் ஊற்றிக்கொண்டே இருந்தால் ஃபினாயில்தான் தீரும்.

அந்தத் தடுப்பு வேறொன்றுமில்லை, தண்ணீர்தான். டாய்லெட், தரையில் தண்ணீர் போகும் வழி, வாஷ்பேசின், இந்த மூன்றிலும் குழாய் நேராகக் கீழே போகாமல் ஒரு வளைவு வளைந்துதான் போக வேண்டும். இந்தத் தடுப்பைத்தான் பிளம்பர்கள் ட்ராப் என்பார்கள். அந்த வளைவில் எப்போதும் சுமார் இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். நாம் ஊற்றும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும், கீழே இருக்கும் கேஸ் மட்டும் அதைத் தாண்டி மேலே வர முடியாது. 1775-ல் லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் இந்த வளைந்த குழாய் வைத்த டாய்லெட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இத்தனை காலம் கழித்தும் இதைவிட எளிமையான, செலவில்லாத தடுப்பு யாருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு அங்குலத் தண்ணீர் இல்லாமல் போக ஏகப்பட்ட காரணங்கள் உண்டு, நம் வீடுகளில் அதில் நாலைந்து மட்டும் திரும்பத் திரும்ப நடக்கும்.

எந்த ஓட்டை என்று முதலில் கண்டுபிடியுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். டிஷ்யூ பேப்பரை மெல்லிய நாடாவாகக் கிழித்து, தரை ஜாலி, பேசின் பைப் தரைக்குள் நுழையும் இடம், வாஷிங் மெஷின் பைப் இறங்கும் இடம், டாய்லெட்டின் அடிப்பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் அருகே பிடித்துப் பாருங்கள். காற்று வரும் இடத்தில் நாடா மேலே எழும்பி ஆடும். ஊதுபத்திப் புகையை வைத்துப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். சாக்கடைக் குழாயிலிருந்து வருவதில் மீத்தேனும் இருக்கும், அதனால் அங்கே நெருப்பைக் கொண்டு போகாதீர்கள்.

இதில் பிடிபடவில்லை என்றால் ராத்திரியில் ஒரு வேலை செய்யலாம். கெட்டியான பாலிதீன் பைகளில் முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றி முடிச்சுப் போட்டு, தரையில் உள்ள ஒவ்வொரு ஓட்டையின் மேலும் ஒன்றாக வைத்துவிடுங்கள். தண்ணீர்ப் பை தன் எடையிலேயே தரையோடு படிந்து ஓட்டையை நன்றாக அடைத்துக்கொள்ளும். காலையில் நாற்றம் இல்லை என்றால் குற்றவாளி அந்த ஓட்டைகளில் ஒன்று. அடுத்தடுத்த ராத்திரிகளில் ஒவ்வொரு பையாக எடுத்து வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். வீட்டுக்குள்ளேயே இருப்பவர் மூக்குக்கு நாற்றம் சீக்கிரம் பழகிவிடும், அதனால் கொஞ்ச நேரம் பால்கனியில் நின்றுவிட்டு வந்து மோந்து பாருங்கள், அல்லது வெளியிலிருந்து வருபவரைக் கேளுங்கள்.

என் அனுபவத்தில் இப்படித் தேடினால் அதிகம் அகப்படுவது தரை ஜாலிக்குக் கீழே இருக்கும் நானி ட்ராப்தான். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் ஜாலியை நெம்பி எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு சின்னக் கிண்ணம் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்க வேண்டும், அதன் விளிம்பு சுற்றியுள்ள தண்ணீருக்குள் முங்கியிருக்க வேண்டும். அந்தக் கிண்ணமும் தண்ணீரும் சேர்ந்ததுதான் தடுப்பு. இந்தக் கிண்ணத்தைச் சுற்றித்தான் முடியும் சோப்பு அழுக்கும் சேர்ந்து கறுப்பாக, கொழகொழவென்று ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் போகத் தாமதமாகும். உடனே வேலைக்கு வருபவரோ பிளம்பரோ கிண்ணத்தைக் கழற்றுவார், தண்ணீர் சரசரவென்று இறங்கும், எல்லாருக்கும் சந்தோஷம். கிண்ணத்தைத் திரும்ப வைக்க மாட்டார்கள். அதை எடுத்த நாளிலிருந்து அந்த ஓட்டைக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் மின்னாமல் வெறும் இருட்டுக் குழி தெரிந்தால் உங்கள் வீட்டிலும் இதுதான் நடந்திருக்கிறது. அந்த வழியாகக் கரப்பானும் ஏறி வரும், ராத்திரியில் பாத்ரூமில் கரப்பான் அதிகம் என்றால் இதை முதலில் பாருங்கள்.

கிண்ணம் இருந்தால் கழற்றி, பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவித் திரும்பப் போடுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் அடைப்பும் வராது. தொலைந்து போயிருந்தால் குழியின் விட்டத்தை அளந்துகொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போங்கள், கிண்ணத்தோடு சேர்ந்த ஜாலியைக் காக்ரோச் ஜாலி என்று விற்கிறார்கள். சிலிக்கோன் நாக்கு வைத்து, தண்ணீர் விழும்போது மட்டும் திறந்து மூடுகிற ஒன்றும் கிடைக்கிறது. தற்காலிகத்துக்கு அது பரவாயில்லை, ஆனால் இரண்டு முடி சிக்கினாலே நாக்கு மூடாமல் திறந்தே நிற்கும், அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

அடுத்தது வாஷ்பேசின். குனிந்து அடியில் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் மடிப்பு மடிப்பாக நீளும் வெள்ளை பிளாஸ்டிக் பைப் ஒன்று பேசினிலிருந்து நேராக இறங்கித் தரைக் குழாய்க்குள் சும்மா சொருகப்பட்டிருக்கும். பைப் மெலிசு, குழாய் பெரிசு, சுற்றிலும் விரல் நுழைகிற சந்து. அந்தக் குழாய் நேரே நானி ட்ராப்புக்குள் வந்து சேருகிறது என்றால் பாதகமில்லை, மெயின் லைனுக்குப் போகிறது என்றால் அந்தச் சந்து முழுக்க நாற்றத்துக்கு வழிதான். அந்தச் சந்துக்கென்றே ரப்பர் வளையம் விற்கிறது, சில பத்து ரூபாய்தான் இருக்கும், போட்டு இறுக்கிவிடுங்கள். அதோடு பேசினுக்குக் கீழே பாட்டில் ட்ராப், அதாவது தண்ணீர் தேங்கி நிற்கிற குப்பி மாதிரியான தடுப்பு, மாட்டச் சொல்லுங்கள். வாடகை வீடு, செலவு செய்ய மனமில்லை என்றால் அந்த மடிப்புப் பைப்பையே கீழே ஒரு வளைவு வளைத்து மேலே தூக்கி டேக் போட்டுக் கட்டுங்கள், அந்த வளைவில் தண்ணீர் நிற்கும். வாஷிங் மெஷின் பைப்பும் அப்படித்தான், பாதி வீடுகளில் மூடியே இல்லாத குழாய்க்குள் தொங்கிக்கொண்டிருக்கும்.

நீங்கள் எப்போதாவது திறக்கும் அந்த இரண்டாவது பாத்ரூமுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவைப்படாது. அங்கே யாரும் தண்ணீர் விடுவதில்லை, வளைவில் நின்ற தண்ணீர் வற்றிவிட்டது. சென்னை வெயிலில், அதுவும் ஆழமில்லாத பழைய ட்ராப்பாக இருந்தால், சில வாரங்களே போதும். தரை ஜாலியில் ஒரு மக், பேசினில் ஒரு மக், டாய்லெட்டில் ஒரு ஃப்ளஷ், வாரம் ஒருமுறை. விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும் என்றால் தண்ணீர் ஊற்றிய பிறகு தரை ட்ராப்பில் ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டுவிட்டுப் போங்கள். எண்ணெய் மேலே படலமாகப் படிந்து தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

இதையெல்லாம் சரி செய்த பிறகும், ஃப்ளஷ் பண்ணும்போது தரை ஜாலியிலோ பேசினிலோ களக் களக் என்று சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் விஷயம் உங்கள் வீட்டுக்குள் இல்லை, மொட்டை மாடியில் இருக்கிறது. கீழே விழும் தண்ணீர் குழாயில் உள்ள காற்றை இழுத்துக்கொண்டு போகும், அந்தக் காற்றை ஈடுகட்டத்தான் சாக்கடைக் குழாயை மொட்டை மாடிக்கு மேலே திறந்துவிட்டிருப்பார்கள். அந்த வாயை யாராவது அடைத்திருந்தால், குழாய் உங்கள் ட்ராப்பில் உள்ள தண்ணீரையே உறிஞ்சி இழுத்துவிடும். கொசுவுக்காகக் கட்டிய வலையில் தூசியும் சிலந்திக்கூடும் படிந்து அடைத்துக்கொள்வது, மாடியில் ஏதோ கட்டும்போது குழாயை வெட்டி மூடி போட்டுவிடுவது, இவை இரண்டும் அப்பார்ட்மெண்டுகளில் சகஜம். இதை நீங்கள் தனியாகச் செய்ய முடியாது, அசோசியேஷனில் சொல்லி ஆளை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் வீடு, கீழ் வீட்டுக்காரர்களிடமும் கேளுங்கள், அவர்களுக்கும் இதே நாற்றம் இருந்தால் சொல்வதற்கு வலு கூடும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் தெருச் சாக்கடை நிரம்பி, உள்ளே இருக்கிற கேஸ் வீடுகள் பக்கம் தள்ளப்படுவதும் உண்டு. மழைக்காலத்தில் மட்டும் நாற்றம் என்றால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளம்பர் டாய்லெட்டை ஏன் சொன்னார் என்றால், அதன் அடியில் ஜாயிண்ட் விட்டுப்போயிருக்கலாம் என்ற சந்தேகத்தில் சொல்லியிருப்பார். நியாயமான சந்தேகம்தான், சோதித்துப் பார்த்துவிடலாம். வெஸ்டர்ன் டாய்லெட்டின் இரண்டு பக்கமும் கை வைத்து அசைத்துப் பாருங்கள், உட்காரும்போது ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் அடியில் குழாயோடு சேரும் இடம் விரிசல் விட்டிருக்கும், குறிப்பாக ரப்பர் கனெக்டர் போடாமல் வெறும் ஒயிட் சிமெண்டால் பூசியிருந்தால். ஃப்ளஷ் டேங்கில் சொட்டு நீலம் பத்துச் சொட்டு விட்டு நாலைந்து முறை ஃப்ளஷ் செய்யுங்கள். அடிப்பக்கம் தரையில் நீலக் கசிவு தெரிந்தால் ஜாயிண்ட் போயிருக்கிறது. அப்போதும் அதே டாய்லெட்டைக் கழற்றி, கனெக்டர் போட்டுத் திரும்ப வைத்தால் போதும், பீங்கானில் கீறல் இல்லாதவரை புதிது வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கீழ் வீட்டு சீலிங்கில் ஈரக்கறை இருந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள், பாத்ரூம் தரைக்கு அடியில் பள்ளமாக விட்டு நிரப்பியிருக்கும் இடத்தில் கழிவுநீர் சேர்ந்துகொண்டிருக்கலாம், அது பெரிய வேலை.

உங்களுக்கு வருவது சாக்கடை நாற்றம் என்பதால் இவ்வளவும் குழாயைப் பற்றியே சொன்னேன். மூக்கைக் குத்துகிற மூத்திர நெடி என்றால் விஷயமே வேறு. சிறுநீரில் உள்ள யூரியாவைக் கிருமிகள் உடைக்கும்போது அமோனியா வரும், அதுதான் அந்த நெடி. கிருமிகள் குடியிருப்பது நம் போர் தண்ணீரின் உப்பும் சிறுநீரின் உப்பும் சேர்ந்து கட்டிய மஞ்சள் காவியில். அது படிவதோ யாரும் தேய்க்காத இடங்களில். டாய்லெட் சீட்டைப் பின்னால் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களின் மூடியைத் திறந்து பாருங்கள், சீட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ரப்பர் பொத்தான்களைப் பாருங்கள், டாய்லெட் கிண்ணத்தின் மேல் விளிம்புக்கு உட்புறம் ஒரு சின்னக் கண்ணாடியைக் காட்டிப் பாருங்கள். நின்றுகொண்டு போகும் ஆண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முழங்கால் உயரம் வரை சுவரையும் டாய்லெட்டுக்குப் பின்பக்கத் தரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காவிக்கு ஃபினாயில் ஒன்றும் செய்யாது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று நான்கு ஸ்பூன் கரைத்து, டிஷ்யூ பேப்பரை அதில் நனைத்து விளிம்புக்கு அடியில் ஒட்டவைத்து இரண்டு மணி நேரம் விட்டுத் தேயுங்கள். முதல் தடவையில் எல்லாம் போகாது, இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். மார்பிள் தரையில் மட்டும் படக் கூடாது, அரித்துவிடும். சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டினால் நுரைக்கிறது என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு அடியில் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். தனித்தனியாக உபயோகித்தால் இரண்டுக்கும் பலன் உண்டு.

கடையில் லூசில் விற்கும் ஆசிட்டை நிறுத்துங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது, அந்தப் பள்ளங்களில் மூத்திரமும் சோப்புத் தண்ணீரும் இறங்கி ஊறும், நாற்றம் முன்னைவிட அதிகமாகும், அதற்கு மறுபடி ஆசிட். இடுக்குகள் ஏற்கெனவே திறந்துவிட்டன என்றால் சுரண்டி எடுத்துவிட்டு எப்பாக்ஸி கிரௌட் போடச் சொல்லுங்கள், அது தண்ணீரை உறிஞ்சாது.

அதைவிட முக்கியம், ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடவே கூடாது. ஹார்பிக் மாதிரியான நீல பாட்டில் டாய்லெட் கிளீனரிலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான் இருக்கிறது, அதன் மேல் பிளீச்சிங் பவுடர் விழுந்தாலும் குளோரின் வாயுதான் கிளம்பும். கதவு சாத்திய சின்ன பாத்ரூமில் அது நுரையீரலைப் புண்ணாக்கும், ஆளையே கொல்லவும் செய்யும். நெடி ஏறிவிட்டால் துடைக்கவோ தண்ணீர் ஊற்றவோ நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள், இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்கள் வீட்டில் கழுவ வருகிற அம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள், பல வீடுகளில் அவர்கள் கையில்தான் இரண்டு பாட்டிலும் இருக்கின்றன.

நாப்தலீன் உருண்டை நாற்றத்தை எடுக்காது, அதன் மேல் இன்னொரு வாசனையைப் போர்த்தும், அவ்வளவுதான். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீனால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு வகை, தண்ணீரிலிருந்தே வரும் நாற்றம். குளிக்கும்போது மட்டும் அழுகிய முட்டை வாடை அடிக்கிறது என்றால் ஒரு டம்ளரில் பச்சைத் தண்ணீர், இன்னொன்றில் ஹீட்டர் தண்ணீர் பிடித்து, பாத்ரூமுக்கு வெளியே கொண்டுபோய் மோந்து பாருங்கள். இரண்டிலும் வாடை இருந்தால் போர் தண்ணீரிலேயே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது அல்லது தொட்டி கழுவி நாளாகிவிட்டது. சுடுதண்ணீரில் மட்டும் என்றால் ஹீட்டருக்குள் சல்ஃபேட்டைத் தின்னும் பாக்டீரியா வளர்ந்திருக்கிறது, டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே வைக்கும் மெக்னீசியம் கம்பி அதற்குத் தோதாக அமைந்துவிடும். சர்வீஸ் ஆளை வரவழைத்து டேங்கைக் காலி செய்து கழுவி, கம்பியையும் மாற்றச் சொல்லுங்கள். ஈரத்துணி வாடை மாதிரி வந்தால் கால்மிதி, பக்கெட்டின் அடிப்பாகம், டாய்லெட் பிரஷ் நிற்கும் கிண்ணம், இந்த மூன்றையும் வெயிலில் போட்டாலே பாதி போய்விடும். ட்ராப் எல்லாம் சரியான பிறகு எக்ஸாஸ்ட் ஃபேனைத் தாராளமாக ஓட்டுங்கள், கதவுக்கு அடியில் அரை அங்குலமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் ஃபேன் வெறுமனே சுற்றும்.

செப்டிக் டேங்க் உள்ள தனி வீட்டுக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று. டேங்கில் மலத்தைச் செரிப்பது பாக்டீரியாதான், பாத்ரூமில் நாம் கொட்டும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் அங்கே போய் அதைக் கொல்கின்றன. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு 14420 என்ற எண்ணில் கூப்பிடலாம். எந்தக் காரணத்துக்காகவும், விழுந்த சாவியை எடுக்கக்கூட, ஆளை உள்ளே இறக்காதீர்கள். அங்கே உள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, தெரியாமலே ஆள் சுருண்டு விழுந்துவிடுவார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது, அந்தத் தடை வீட்டுக்காரருக்கும் பொருந்தும். டேங்கைத் திறக்கும் நாளில் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். வேலை முடிந்து மூடியைத் திரும்பப் போட்டதும் ஓரங்களைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடச் சொல்லுங்கள், வாடையும் கொசுவும் அந்த இடுக்கு வழியாகத்தான் கிளம்பி, பாத்ரூம் வென்டிலேட்டர் வழியாக உள்ளே வரும்.